நாள் முழுக்க ஓடும் என்று சொல்லி விற்ற லீனியர் ஆக்சுவேட்டர்

ஒரு தட்டை 100 மி.மீ. தூரம் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். நிமிடத்துக்கு 10 முறை, தினமும் 8 மணி நேரம், நிற்காமல். இதை அப்படியே எழுதி விற்பனையாளருக்கு அனுப்பினேன். "லீனியர் ஆக்சுவேட்டரே போதும் சார், லிமிட் ஸ்விட்ச் உள்ளேயே இருக்கு, நாள் முழுக்க ஓடும்" என்று போனில் சொன்னார். மோட்டார் ஒரு திருகைச் சுற்ற, அதில் மாட்டிய நட்டு ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும் கருவி அது. தண்டு முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்துவது லிமிட் ஸ்விட்ச். நம்பி வாங்கினேன்.

மூன்றாம் நாள் மோட்டாரைத் தொட முடியாத சூடு. ஆறவிட்டு ஓட்டினேன். அடுத்த வாரம் மோட்டார் சுற்றுகிறது, தண்டு அசையவில்லை. பிரித்தால், உள்ளே பிளாஸ்டிக் நட்டின் மரை முழுக்கத் தேய்ந்து போயிருந்தது.

வாரன்டி கேட்டதும் பேச்சு மாறியது. "டியூட்டி சைக்கிள் 25% என்று தாளில் போட்டிருக்கிறதே, நீங்கள் அதிகமாக ஓட்டிவிட்டீர்கள்." அந்தத் தாள் பெட்டிக்குள் வந்தது, வாங்கும் முன் யாரும் காட்டவில்லை. 25% என்றால் 10 நிமிடத்தில் இரண்டரை நிமிடம் ஓடலாம், மீதி ஏழரை நிமிடம் ஆற வேண்டும். என் தேவை தெரிந்தே விற்றிருக்கிறார், அதுதான் பொறுக்கவில்லை. அப்புறம் பெரிய மாடலை எடுக்கச் சொன்னார். அதன் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதிலும் 25% தான்.

என் வேலையில் ஒரு நாளைக்கு 4,800 தடவை போய் வர வேண்டும், அதாவது 9,600 திரும்பல். ஒவ்வொரு தடவையும் மோட்டார் நின்று எதிர்த்திசையில் கிளம்புகிறது. கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ஜன்னலைத் திறக்க, கட்டிலை உயர்த்த என்று எப்போதாவது நகர்ந்து நிற்கிற வேலைக்குத்தான் இந்த வகை சரி.

இப்போது அதற்குப் பதில் கிராங்க் போட்டிருக்கிறேன்: மோட்டாரோடு சுழலும் ஒரு கை, அதில் ஒரு பின் (முளை), அந்த முளையைத் தட்டோடு இணைக்கும் கம்பிதான் கனெக்டிங் ராடு. கியர் மோட்டார் ஒரே திசையில் நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றுகிறது. அந்த முளையைச் சுழலும் மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி வைத்தால் தட்டு 100 மி.மீ. போய் வரும். இரு முனையிலும் வேகம் தானாகவே குறைந்து திரும்புவதால் அதிர்ச்சி இல்லை, லிமிட் ஸ்விட்சும் திசை மாற்றும் ரிலேயும் தேவையில்லை. கனெக்டிங் ராடு மட்டும் நீளமாக இருக்கட்டும். குட்டையாக வைத்தால் தட்டைப் பக்கவாட்டில் தள்ளி, தட்டு நகரும் தடமான கைடைத் தேய்த்துவிடும். என்னுடையது 200 மி.மீ. ஓடும்போதே தூரத்தை மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் உதவாது, சர்வோவோடு (நிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மோட்டார்) பால் ஸ்க்ரூதான் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு).

எதை வாங்கினாலும் டியூட்டி சைக்கிள் எவ்வளவு, எத்தனை தடவை போய் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டது எழுத்தில் இருந்தது, அவர் சொன்னது போனில். பணம் திரும்பி வரவில்லை.