நன்றிக் குறிப்பேடு: வாங்கலாம், சில திருத்தங்களோடு

கிறிஸ்தவர்களுக்கென்று அச்சிட்ட ஓர் ஆண்டு நன்றிக் குறிப்பேட்டைப் பயன்படுத்தி வருகிறேன். தாள் தரமானது. பேனா மை மறுபக்கம் ஊறுவதில்லை. தையல் கட்டு என்பதால் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் விரிந்து படிகிறது. ஓரங்களில் பூக்கள், அளவுக்கு மீறிய பூக்கள். பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல அவ்வளவுதான்.

உள்ளே இருப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு வசனம், கீழே 'இன்று கிடைத்த நன்மைகள்' என்ற தலைப்பில் மூன்று கோடுகள். "நல்ல தூக்கம், நண்பரின் அழைப்பு, வெயில் குறைந்தது" என்று எழுதினால் பக்கம் முடிந்துவிடுகிறது. இதில் கடவுள் எங்கே? இதே பட்டியலைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் எழுதலாம், பலனும் பெறலாம். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா ஆகிய உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் தொல்லைகளை எழுதியவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் வேதாகமத்தில், லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், இயேசுவால் குஷ்டம் நீங்கிய பத்துப் பேருமே தங்கள் சுகத்தைக் குறித்து மகிழ்ந்திருப்பார்கள். இயேசுவின் பாதத்தருகே திரும்பி வந்து விழுந்தவன் ஒரு சமாரியன் மட்டுமே. மற்ற ஒன்பது பேருக்கும் இந்த மூன்று கோடுகள் போதுமானவை.

அதனால் நான் தலைப்பை அடித்துவிட்டு 'ஆண்டவரே, நீர்' என்று எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகு வாக்கியம் தானாக வேறு மாதிரி வருகிறது. "நல்ல தூக்கம்" என்று நிறுத்த முடிவதில்லை. "நீர் என்னைத் தூங்க வைத்தீர்" என்றுதான் முடிக்க வேண்டியிருக்கிறது. கோடுகளை எதைக் கொண்டு நிரப்புவது என்று திணறும் நாட்களில், வேதத்திலுள்ள பாடல்களான சங்கீதங்களில் 136-ஆம் சங்கீதத்தைத் திறக்கிறேன். அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. வானத்தைப் படைத்ததில் தொடங்கி, எகிப்திலிருந்து மீட்டதைச் சொல்லி, எல்லா உயிர்களுக்கும் உணவு கொடுப்பதற்கு வந்து சேர்கிறது. இன்று நடந்தவற்றை மட்டுமே நோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது அங்கே தெரிகிறது. என் பிறப்புக்கு முன்னால் செய்யப்பட்டதற்கும் நான் கடன்பட்டவன்.

மெச்ச வேண்டிய ஒன்று, ஏழு நாளுக்கு ஒருமுறை வரும் 'திரும்பிப் பார்' பக்கம். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற 103-ஆம் சங்கீத வரிக்கு ஏற்ற ஏற்பாடு. முன்பு பதற்றத்தோடு எழுதிய வேண்டுதல் எப்போது தீர்ந்தது என்றே நினைவில்லாமல் இருப்பதை இந்தப் பக்கம் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறது. இதற்காகவே வாங்கலாம்.

எரிச்சல் மூட்டிய ஒன்றும் உண்டு. இடையிடையே வரும் பயிற்சிகளில் ஒன்று, 'உங்களைவிடக் குறைவுள்ள ஒருவரை நினைத்து நன்றி சொல்லுங்கள்' என்கிறது. லூக்கா 18-இல், மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் ஆலயத்தில் நின்று செய்தது இதைத்தானே? அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனைப் போல் தான் இல்லை என்று ஸ்தோத்திரம் சொன்னான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவனோ அந்த ஆயக்காரன். பதிப்பித்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பரிசளிக்காதீர்கள். கணவரை அடக்கம் செய்த சில வாரங்களில் என் அக்காவுக்கு யாரோ இதைக் கொடுத்தார்கள். மூன்று கோடுகளையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். முறையிட இதில் ஒரு பக்கம்கூட இல்லை. வேதத்தில் இருக்கிறது. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, ஆறே வசனங்களில் பாடலுக்கு வந்து சேர்கிறது. 88-ஆம் சங்கீதம் அதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். அக்கா இப்போது கோடு போடாத சாதாரண நோட்டு ஒன்றில் எழுதுகிறார். சில நாள் நன்றி, சில நாள் சண்டை, இரண்டும் ஆண்டவரோடுதான்.

புதிதாக ஜெபப் பழக்கம் தொடங்குகிறவர்களுக்கும், என்னைப் போல் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறவர்களுக்கும் இது பயன்படும். பதிப்பகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற ஆபகூக் 3:18-ஐ மட்டும் தனியாக அச்சிட்டிருக்கிறீர்கள். அத்திமரம் துளிர்க்காததும் தொழுவத்தில் மாடு இல்லாததும் 17-ஆம் வசனத்தில் இருக்கின்றன. அடுத்த பதிப்பில் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் பூக்களைக் குறைத்துக்கொள்ளலாம்.