எட்டடி ஸ்க்ரூ ட்ராப்: மீனை அது பிடிக்கும், கணக்கு நம் தலையில்

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் சால்மன் குஞ்சு எண்ணும் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது ரோட்டரி ஸ்க்ரூ ட்ராப்பில்தான். இரண்டு மிதவைகளுக்கு நடுவே பாதி முங்கிக் கிடக்கும் ஓட்டைத் தகட்டுக் கூம்பு, உள்ளே திருகாக வளைந்த தகடு, பின்னால் மீன் பெட்டி. மோட்டார் கிடையாது; ஆற்றோட்டமே சுற்றும். வாய்க்குள் வந்த குஞ்சைத் திருகு பின்னுக்குத் தள்ளிப் பெட்டியில் விட்டுவிடும். ஐந்தடி விட்டத்திலும் கிடைக்கிறது. ஓடைக்கு அது போதும், இந்த ஆற்றுக்கு எட்டடிதான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. மீனை இது நோகடிப்பது குறைவு; அதற்காகவே மூன்று கொடுப்பேன். கடலுக்குத் தயாராகும் பருவத்தில் குஞ்சின் வெள்ளிச் செதில் லேசாகத் தொட்டாலே விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இழுவலையில் வந்ததையும் இந்தப் பெட்டியிலிருந்து எடுத்ததையும் அளவுப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஜனவரியில் வரும் 35 மில்லிமீட்டர் பொடிசுகளில் சிலவற்றுக்கு மஞ்சள் கரு தீர்ந்த வயிற்றுக் கீறல்கூட மூடியிருக்காது. அதுவே உயிரோடு நீந்திப் போகிறது. குளிர்கால ரன் சினூக் (குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆறேறும் சால்மன் கூட்டம்; ஆறேறும் பருவத்தை வைத்துப் பிரித்த கூட்டம்தான் ரன்) 1994 முதல் அமெரிக்கச் சட்டப்படி அழியும் நிலையிலுள்ள மீன் என்பதால், இங்கே இது சின்ன விஷயமில்லை.

அந்த ஒரு மதிப்பெண் ஏன் போனது? மழை. சீசனின் முதல் பெருமழையில் தண்ணீர் கலங்கியதும் குஞ்சுகள் கூட்டமாகக் கீழே இறங்கும். அதே தண்ணீரில்தான் கிளை, கட்டை, ஆகாயத்தாமரை எல்லாம் வரும். பெட்டிக்குப் பின்னால் குப்பை தள்ள ஒரு சின்ன உருளை இருக்கிறது. இலைக்குச் சரி, கிளைக்கு ஆகாது. ஒரு கொம்பு குறுக்கே மாட்டினால் கூம்பு நின்றுவிடும். வெள்ளம் இன்னும் ஏறினால் கூம்பைத் தூக்கிவைக்க வேண்டியதுதான். ஆக, மீன் அதிகமாகப் போகும் இரவுகள்தான் ஏட்டில் வெற்றுக் கட்டமாக நிற்கும். சுற்று எண்ணும் மீட்டரை மட்டும் மறக்காமல் பொருத்துங்கள். எத்தனை சுற்றோடு நின்றது என்று தெரிந்தால் அந்த இரவை ஓரளவாவது மீட்கலாம்.

அப்புறம், பெட்டிக்குள் ஒரு பெரிய மீன் புகுந்தால் பொடிசுகள் காலி. உள்ளே வலைத் தடுப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெட்டியில் கிடக்கும் எண்ணிக்கையைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். அந்த எண் தனியாக எதற்கும் உதவாது. குஞ்சுகளைப் பிஸ்மார்க் பிரவுன் சாயத்தில் ஊறவைத்து, டீத்தண்ணி நிறம் ஏறியதும், இருட்டும் நேரத்தில் மேலாற்றில் விட வேண்டும். ஆயிரம் விட்டு இருபது திரும்ப மாட்டினால் ட்ராப்பின் திறன் 2 சதவீதம். அன்று பெட்டியில் 300 இருந்தால் ஆற்றில் போனது 15,000. இருபதுக்குப் பதில் பத்தே மாட்டியிருந்தால் அதே 300, 30,000 ஆகிவிடும்! சாய மீன் பத்து கூடுவதிலும் குறைவதிலும் மதிப்பீடு இப்படி ஆடுகிறது. அதனால் சீசனுக்கு ஒரு சோதனை நடத்திவிட்டு அதே சதவீதத்தை மாதக்கணக்கில் பெருக்கிக்கொண்டிருப்பவர்களின் அறிக்கையை நான் நம்புவதில்லை. ஓட்டம் மாறினால் திறன் மாறும். மீன் வளர்ந்தாலும் மாறும். பெரிய குஞ்சு கூம்பின் வாயைத் தவிர்த்து நீந்திவிடும். சாயமேற்றக் காட்டுக் குஞ்சு போதாமல் பண்ணைக் குஞ்சை விடுவதும் உண்டு. வேறு வழியில்லை, சரி. ஆனால் தொட்டியில் வளர்ந்தது காட்டுக் குஞ்சு மாதிரியே நீந்தும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எந்த ரன் என்று பிரிப்பதற்கும் ட்ராப்பைக் குறை சொல்ல முடியாது. நீளத்தையும் தேதியையும் வைத்து அட்டவணை பார்க்கிறோம். வசந்தகால ரன்னுக்கு அது அடிக்கடி சறுக்கும். துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால்தான் நிச்சயம்.

ஆறு கடலை நெருங்கிக் கிளை பிரியும் டெல்டாவுக்குள்ளேயே வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். அலையேற்றத்தில் நீரோட்டம் தளர்ந்து, சில இடங்களில் திரும்பியே ஓடும். கூம்பு சுற்றாது, மாட்டிய மீனும் வெளியே வந்துவிடும். நைட்ஸ் லாண்டிங் மாதிரி டெல்டாவுக்கு மேலே உள்ள இடத்தில் கட்டுங்கள். கடல் பக்க வாசலில், சிப்ஸ் தீவருகே, 1970களிலிருந்தே இழுவலைதான். அகன்ற நீர்ப்பரப்பில் 20 நிமிட இழுப்பு. அதன் திறனும் குறைவுதான், ஆனால் அங்கே இந்த ட்ராப் நிற்காது.

வாங்குவதாக இருந்தால், கூம்பைத் தூக்கும் வின்ச்சின் (சுற்றி இழுக்கும் உருளையின்) கம்பியை மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டு வாங்குங்கள். அறுந்தால் கூம்பைத் தூக்க முடியாது, அது அறுவதும் வெள்ளத்தில்தான்.