பிசிஜிக்குப் பிறகும் சிறுநீர்ப்பைப் புற்று திரும்பி வந்தால்: பையை எடுப்பதா, சோதனைச் சிகிச்சையா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் பிசிஜி மருந்து (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமி, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டச் சிறுநீர்ப்பைக்குள் விடுவது) முழுசாகப் போட்டும் வீரியத்தோடு திரும்பி வந்துவிட்டது என்றால், டாக்டர் முன்வைக்கும் வழிகளில் இந்த இரண்டும் முக்கியமானவை.

ஒன்று, சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. நோயை அடியோடு அகற்ற இதைவிட உறுதியான வழி இல்லை. ஆனால் ஆண்களுக்குப் புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பல சமயம் கர்ப்பப்பையும் சேர்ந்தே போகும். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீர் வெளியேற வயிற்றில் வழி வைத்தால், சிறுநீரைப் பிடிக்க அங்கே வெளியே ஒட்டும் பையைச் சில நாளுக்கொருமுறை மாற்றி, சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டு வாழப் பழக வேண்டும். பழகிவிடுகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள்.

இன்னொன்று சோதனைச் சிகிச்சை, அதாவது இன்னும் ஆய்வில் இருக்கும் மருந்தை எடுத்துக்கொள்வது. சிறுநீர்ப்பை தப்பலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்து இப்படிச் சோதனையில் இருந்துதான் 2020-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது. அந்த ஆய்வில் 96 பேரில் 41 சதவீதத்தினருக்குப் புற்று முழுசாக மறைந்தது, அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது ஓராண்டாவது நிலைத்தது. அப்புறம், அடிக்கடி சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் கூடவே வரும்.

உடம்பு தாங்கும் என்றால் நான் அறுவை சிகிச்சை பக்கம்தான். இதயம் பலவீனமானவர்களுக்கும், பையை இழக்க மனசே ஒப்பாதவர்களுக்கும் சோதனை நியாயமான வழி. ஆனால் சோதனையில் சேரக் கையெழுத்துப் போடுமுன், டாக்டரிடம் பலன் இல்லாவிட்டால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் தாமதத்தில் நோய் தசைக்குள் இறங்கிவிடலாம். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அது உங்கள் உரிமை.