புதன்கிழமைத் தடுப்பூசி: கோத்தகிரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள இந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் எங்கள் மகளுக்கு ஆறாவது வாரத்துப் பென்டாவேலன்ட் ஊசியை, அதாவது கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியைப் போட்டோம். காத்திருக்கும் அறை குறுகலானது. மழைநாளில் குடையை மடக்கி வைக்கவும் இடமில்லை. ஆயினும், ஊசிக்குப் பிறகு கிடைக்கும் கவனிப்புக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஊசி போட்டபின் அரைமணி நேரத்திற்கு யாரையும் வெளியே விடுவதில்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது எரிச்சலூட்டலாம். ஆனால், மிக அரிதாக வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும் என்பதால், அந்தக் கண்டிப்பு நியாயமானதே. அதற்குள் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் வந்து, இரவில் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்று விளக்குகிறார். காரணத்தையும் கேட்டோம். இந்த ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமி முழுதாகவே இருக்கிறது; அதை எதிரியாகக் கண்டுகொள்ளும் நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் வேதிப்பொருட்கள், மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் பகுதியைத் தூண்டுவதால் காய்ச்சல் வருகிறது. மருந்தில் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு, ஊசி இறங்கிய இடத்துக்கே அந்த அணுக்களைத் திரட்டுவதால் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் மட்டும் காய்ச்சல் ஒரு வாரம் கழித்தே வரக்கூடுமாம். அதிலுள்ள வலுக்குறைந்த உயிர்க்கிருமி உடலில் பெருக அவ்வளவு நாளாகும்.

வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்க்கலாமா என்று என் மாமியார் கேட்டதற்கு, “தேய்க்கவே கூடாதும்மா, ஈரத்துணிய வெச்சாப் போதும், குளிருதேன்னு கம்பளியச் சுத்திடாதீங்க, சூடு வெளிய போகணும்” என்று பதில் வந்தது. காய்ச்சல் குழந்தைக்கும் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி என்று அடுக்கும் நீலகிரி வீடுகளுக்கு இதைவிட அவசியமான அறிவுரை கிடையாது. பாராசிட்டமால் சொட்டு மருந்தையும் முன்கூட்டியே கொடுக்காமல், காய்ச்சல் வந்த பிறகு எடைக்கேற்ற அளவில் கொடுக்கச் சொன்னார்.

குறை ஒன்றுண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, துவண்டுபோதல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை வாயால் சொல்கிறார்களே தவிர, அச்சிட்ட தாளாகத் தருவதில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறத்தில் நாங்களே எழுதிக்கொண்டோம்.