தெரபி இலவசம்தான், ஆனால் பி.டி. பீரியட் போச்சு

என் பையன் நாலாவது படிக்கிறான், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன பள்ளிக்கூடம். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), இரண்டு காலிலும் இறுக்கம். நடப்பான், ஆனால் குதிகால் தரையில் படாது. பள்ளிக்கே வந்து தெரபி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் வாரம் ஒருநாள் ஆள் அனுப்புகிறது. பெயர் வேண்டாம், ஏனென்றால் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

இதற்கு முன் பெரம்பூரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு தடவைக்கு 500 ரூபாய், ஆட்டோ தனி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் அன்றைக்குப் பாதி நேரம் ஆட்டோவிலேயே போய்விடும், பையனும் தூங்கிவிடுவான். அந்த அலைச்சல் நின்றதற்கே இவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

வந்த முதல் நாள் பிசியோ மிஸ் அவன் காலைத் தொடவே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்னடா தெரபி என்று நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார்: பெஞ்ச் உயரம், கால் அந்தரத்தில் தொங்குது, விழாமல் இருக்க இடது கையால் மேசையைப் பிடிச்சுக்கிறான், நோட்டை யார் பிடிப்பாங்க, எழுத்து எப்படிம்மா நேரா வரும்? ரெண்டு வருஷமாக "எழுத சோம்பல்" என்று டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்! தெரு முனை ஆசாரியிடம் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தோம், 250 ரூபாய். பாதம் அதில் பதிந்து நின்றதும் இடது கை நோட்டுக்கு வந்தது. எழுத்து முத்து முத்தாகவெல்லாம் ஆகவில்லை, கோட்டுக்குள் இருக்கிறது, அது போதும். மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள் என்று பள்ளியில் முதலில் பெட்டியை வைக்க விடவில்லை. இந்த மாதிரி வசதியைச் செய்து தருவது பள்ளியின் பொறுப்பு என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று மிஸ் எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

காலில் மாட்டும் ஸ்பிளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) விஷயத்திலும் அவர் சொன்னதுதான் உதவியது. கழற்றிய பிறகு சிவப்புத் தடம் அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால் அது சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தமாம். பார்த்தால், கால் வளர்ந்துவிட்டது, நாங்கள் பழையதையே மாட்டிக்கொண்டிருந்தோம். கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போய் மாற்றினோம். எங்கள் பக்கத்திலிருந்து அது ஒரு முழு நாள் வேலை, சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது திட்டு. பள்ளி இந்தத் தெரபிக்கு ஒதுக்கியது எந்த நேரம் தெரியுமா? பி.டி. பீரியட். அவன் வாரம் முழுக்க காத்திருப்பதே அதற்குத்தான். ஓட முடியாத பையனுக்கு விளையாட்டு எதற்கு என்ற நினைப்பு, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இடம்? சத்துணவு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாய். பதினோரு மணிக்குமேல் சாம்பார் வாசனையில் எந்தப் பிள்ளை காலை நீட்டும்.

ஸ்பீச் தெரபியைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவின் மகள் போகிறாள். ஒரே வருஷத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள், வருகிற ஒவ்வொருவரும் அதே ஆப்பிள் படத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். "இத போன மிஸ்ஸே கேட்டாங்களே" என்று அவள் தெளிவாகச் சொல்கிறாள், அதற்கு மேல் என்ன ஸ்பீச் வேண்டும்! ஸ்பீச் தெரபிஸ்டுக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் சிறப்பாசிரியருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பிசியோ அந்தக் கவுன்சிலில் வராது, அவரிடம் போய் அந்த எண்ணைக் கேட்டு என்னை மாதிரி அசடு வழியாதீர்கள்.

மூன்று மாதம் நச்சரித்ததில் தெரபி இப்போது இரண்டாவது பீரியடுக்கு மாறியிருக்கிறது. பி.டி.யில் அவனைக் கோல்கீப்பராக நிற்க வைக்கிறார்கள், சுவரில் சாய்ந்து காலை நீட்டி நிற்பதையே பயிற்சியாக மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஜூனில் அஞ்சாவது, அந்த வகுப்பு மாடியில். கீழே மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.