மாமாவின் கையும் வேலூர் ஊசி டெஸ்டும்

லண்டனில் நரம்பு டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுத்தால், 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். என்ற அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் இலக்கு. இலக்குதான், பல சமயம் அதையும் தாண்டும். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரிலோ காலையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்து, பிலிமைப் பெரிய கவரில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். அசந்துதான் போனேன். ஆனால் மாமா விஷயத்தில் அந்த ஸ்கேன்தான் எங்களைச் சுற்றலில் விட்டது.

மாமாவுக்கு 58 வயது. வலது கையால் சாவியைத் திருக முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. ஊர்ப்பக்கம் ஒரு மருத்துவமனையில் கழுத்து ஸ்கேனைப் பார்த்து, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். அந்த வயதில் கழுத்தை ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். கை பலம் குறைந்தது அதனால்தானா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மாமாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் வேலூர் சி.எம்.சி.க்குப் போனோம். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம். பதிவை இணையத்திலேயே செய்துகொள்ளலாம். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு, தனிப் பிரிவுக்குக் கட்டணம் கூடுதல். ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ், மெஸ் போர்டெல்லாம் வங்காள மொழியில். "நாம எந்த ஊர்லப்பா வந்து இறங்கிருக்கோம்?" என்றார் அத்தை.

ஜூனியர் டாக்டர் முழுக் கதையையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு பெரிய டாக்டர் வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். தோளிலும் முதுகிலும் சதை தானாகத் துடிப்பது அப்போதுதான் எங்கள் கண்ணிலும் பட்டது. நாக்கை நீட்டாமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லி, அதுவும் துடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கையில் கட்டைவிரல் பக்கம் சதை வற்றியிருந்தது, சுண்டுவிரல் பக்கம் அவ்வளவு இல்லை. அப்படி மெலிந்த கையைச் சுத்தியலால் தட்டினால் துவளத்தானே வேண்டும்? துள்ளியது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பு, தண்டுவடத்திலிருந்து சதைக்குப் போகும் நரம்பு, இரண்டிலும் கோளாறு என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

அப்புறம், நரம்பில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் கரண்ட் டெஸ்ட். முதலில் கையைச் சூடுபடுத்தினார்கள். கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டிவிடும். தொடு உணர்வு நரம்புகள் நன்றாக இருந்தன. சதையை இயக்கும் நரம்பில் எங்காவது கரண்ட் தடைபடுகிறதா என்று இடம் இடமாகப் பார்த்தார்கள். தடை இருந்தால் அது வேறு நோய்; இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினால் கை பலம் தேற வழியுண்டு. அதுவாக இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. இல்லை.

கடைசியாக ஊசி டெஸ்ட், இ.எம்.ஜி. மெல்லிய ஊசியைச் சதைக்குள் விட்டு, அதில் எழும் மின்சாரத்தை ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம்; நரம்புத் தொடர்பு விட்டுப்போன சதையில் அப்படிக் கேட்குமாம். மாமா நன்றாக இருப்பதாகச் சொன்ன காலிலும், நடு முதுகிலும்கூட அதே சத்தம். கழுத்து டிஸ்க் காலில் அந்தச் சத்தத்தைக் கொண்டுவராது. (ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த டெஸ்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.) இந்த டெஸ்டுக்கு மெஷினை விட அதன் முன்னால் உட்காருபவர்தான் முக்கியம். எந்தச் சதையில் குத்துவது, கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஊரில் மெஷினுக்குப் பஞ்சமில்லை.

வெளியே காத்திருந்தபோது ஒரு காலேஜ் பையன், அவனுக்கும் ஒரு கை மட்டும் மெலிந்திருந்தது. அவனுக்குக் கழுத்தைக் குனிந்தபடி வைத்து ஸ்கேன் எடுத்து, ஹிராயாமா நோய் என்று சொல்லியிருந்தார்கள். இளவயதுப் பையன்களுக்கு வருவது. சில வருடங்களில் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அவனுக்குக் கழுத்துப் பட்டையோடு போயிற்று.

மாமாவுக்கு வந்திருந்த நோயை ஒரே டெஸ்டில் சொல்லிவிட முடியாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான், சதையை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் மோட்டார் நியூரான் நோய் என்கிறார்கள். ரிசல்ட்டுக்கு முன்பே அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாகிட்ட சொல்ல வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிருப்பா" என்றார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். டாக்டர் அத்தையிடம் கோபப்படவில்லை, மாமாவைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டார். மாமா, "எல்லாத்தையும் சொல்லுங்க சார்" என்றார். லண்டனில் நோயாளியிடம் நேராகவே சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்வி எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

ரிலுசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நோயை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும். நம் நாட்டுத் தயாரிப்பே கிடைக்கிறது. மூச்சு அளவையும் எடையையும் அவ்வப்போது பார்க்கச் சொன்னார்கள். ஊர் திரும்பியதும் முதலில் போனது பேங்குக்கு. மாமா கையெழுத்து ஏற்கெனவே கோணத் தொடங்கியிருந்தது; கணக்கில் அத்தை பெயரையும் சேர்த்து, யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும்படி மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.