நீர்ப் பரிசோதனைக்கூட ரிப்போர்ட்: விமான தளத்துக்குப் பக்கத்து போர்வெல்லுக்குப் போதுமா?

அரக்கோணம், திருத்தணி, எல்லை தாண்டினால் நகரி, புத்தூர். இந்தப் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் குடிப்பவர்கள் அதைச் சோதிக்க மூன்று வழி உண்டு: ஊராட்சியில் இருக்கும் கள ஆய்வுப் பெட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் (ஆந்திரப் பக்கம் ஊரக நீர் வழங்கல் துறையுடையது), தனியார் ஆய்வகம். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி பார்க்க அரசு ஆய்வகமே போதும், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பெட்டியில் நிறத்தை ஒப்பிட்டுச் சொல்வது தோராயம்தான். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45-ஐயோ தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

ராணுவ வளாகம் பக்கத்தில் இருந்தால் கேள்வியே வேறு. அங்கிருந்து நிலத்தடிக்கு இறங்கக்கூடியவை விமான எரிபொருள், இயந்திரம் துடைக்கும் கரைப்பான்கள், தீயணைப்பு நுரையிலுள்ள பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் ரசாயனங்கள். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் கரைப்பான்களும் பென்சீனும் கலந்திருந்தன. ஹவாயில் 2021 நவம்பரில் ரெட் ஹில் கடற்படைக் கிடங்கின் எரிபொருள் வீட்டுக் குழாய்வரை வந்தது. அரக்கோணத்திலுள்ள கடற்படை விமான தளமான ஐ.என்.எஸ். ராஜாளியின் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தளத்தருகே அப்படி நடந்தாலும் வழக்கமான ரிப்போர்ட்டில் அது தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் கனிம எண்ணெய்க்கு (பெட்ரோலிய எண்ணெய்) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரம்பு இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் பார்ப்பார்கள். பி.எஃப்.ஏ.எஸ்.-க்கு அதில் வரம்பே கிடையாது.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் உதவாது. சாயப்பட்டறைக் கழிவு கலந்தால் உப்பு ஏறி மீட்டர் காட்டிக்கொடுக்கும். எரிபொருள் கலந்தால் முள் அசையாது. ஆர்.ஓ. விற்க வருகிறவர் மீட்டரை முக்கிக் காட்டும் வித்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஆகவே தனியார் ஆய்வகம். பணம் வீணாவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதுதான். மேல்தொட்டித் தண்ணீர் வேண்டாம், பென்சீன் போன்றவை அங்கேயே ஆவியாகிவிடும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, போரிலிருந்து நேராக வரும் குழாயில் மெல்லப் பிடியுங்கள். ஆவியாகும் பொருள்களுக்கு ஆய்வகமே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தரும். உள்ளே துளி அமிலம் இருக்கும், அலசிக் கொட்டிவிடாதீர்கள். விளிம்புவரை நிரப்பி மூடிக் கவிழ்த்துத் தட்டுங்கள். குமிழி மேலே ஓடினால் அந்தக் குப்பி செல்லாது, வேறு எடுங்கள். எண்ணெய்க்கு ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். வேறு பாத்திரத்தில் பிடித்து மாற்றினால் எண்ணெய் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

பி.எஃப்.ஏ.எஸ். மாதிரி இன்னும் வம்பு. அதற்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான், அதுவும் ஆய்வகம் தருவது. பிளம்பர் மரையில் சுற்றும் வெள்ளை டேப் அதே ரசாயனக் குடும்பம். அது சுற்றிய இணைப்பில் பிடித்தால் வந்தது டேப்பிலிருந்தா நிலத்திலிருந்தா என்று பிரிக்க முடியாது. ஆய்வகத் தூய நீரை அதே இடத்தில் இன்னொரு பாட்டிலில் ஊற்றி ஒப்பீட்டு மாதிரியும் அனுப்புங்கள். எல்லாம் ஐஸ் பெட்டியில் போகட்டும்.

பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள். ஆய்வகங்களுக்குத் தேசிய அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல்.-இன் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா? சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பது போதாது. அடுத்து, எவ்வளவு குறைவாக அளக்க முடியும்? அமெரிக்கா 2024-இல் பி.எஃப்.ஏ.எஸ். வகைகளான பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்கும் தலா லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. ஆய்வகத்தால் 50 நானோகிராமுக்குக் கீழே அளக்க முடியாதென்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிக்குப் பணம் கட்டாதீர்கள். விலை கூடியது என்பதால் தெருவே பங்கு போட்டு, தளத்திலிருந்து சரிவு இறங்கும் பக்கத்து போர் ஒன்றைச் சோதிப்பது புத்திசாலித்தனம். முதலில் விமான எரிபொருளில் இருக்கும் பென்சீன் வகைகளும் நாப்தலீனும் பாருங்கள்.

மோசமாக வந்தால் கொதிக்க வைக்காதீர்கள், பி.எஃப்.ஏ.எஸ். போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். நேரத்துக்கு மாற்றிய கரி வடிகட்டியும் ஆர்.ஓ. சவ்வும் குறைக்கும்.

நம் ரிப்போர்ட்டை மட்டும் சட்டப்படியான சாட்சியாக நம்பிவிடாதீர்கள். 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வளாகத்தின் கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுத்தால்தான் வழக்கில் செல்லும். அதை எடுக்கச் சொல்லி எழுதும் மனுவோடு நம் ரிப்போர்ட்டை இணைக்கலாம். தகவல் உரிமை மனுவைத் தளத்துக்கு அனுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டிப் பாதுகாப்பு என்று மறுக்க இடமிருக்கிறது. 10 ரூபாய் கட்டி வாரியத்துக்கே அனுப்புங்கள். கழிவுநீர் அனுமதி நிபந்தனைகள், கடைசி மூன்று ஆண்டு ஆய்வு முடிவுகள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பொதுநலன் பேசும் 8(2)-ஐயும் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.